சுருங்காத அரைவட்டம்

நீர்ப் பகுப்பு வினையூக்கிகளில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கு எதிரான தடை) எடுப்பவர்களுக்கு என் அனுபவம் உதவலாம்.

நிக்கல் நுரைமேல் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு வளர்த்து, 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஆக்சிஜன் வெளியேறும் வினையை ஆராய்ந்துகொண்டிருந்தேன். 10 மில்லிவோல்ட் அலைவு, 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 0.1 ஹெர்ட்ஸ் வரை. நைக்விஸ்ட் வரைபடத்தில் (இம்பீடன்ஸின் மெய்ப்பகுதி கிடையச்சில், கற்பனைப் பகுதி செங்குத்தச்சில்) இரண்டு அரைவட்டங்கள் வந்தன. வலப்பக்கம் பெரியது, இடப்பக்கம், உயர் அதிர்வெண் பகுதியில், சின்னதாக ஒன்று. பெரியது மின்னூட்டப் பரிமாற்றத் தடை, சின்னது வினையூக்கிப் படலத்தின் தடை என்று எடுத்துக்கொண்டு அதற்கேற்ற சமானச் சுற்றை, அதாவது அதே இம்பீடன்ஸைத் தரும் மின்தடை, மின்தேக்கி மாதிரியை, பொருத்தினேன். கோடு புள்ளிகள்மேல் அப்படியே உட்கார்ந்தது. அதை நம்பியே ஒரு வாரம் போயிற்று.

அப்புறம்தான் மின்னழுத்தத்தை மாற்றிப் பார்த்தேன். மீள் ஹைட்ரஜன் மின்முனை அளவுகோலில் 1.48, 1.51, 1.54 வோல்ட். பெரிய அரைவட்டம் ஒவ்வொரு படியிலும் சுருங்கியது, அது வினையுடையதுதான். சின்னது அசையவே இல்லை. சரி, படலத் தடையும் அசையாமல் இருக்கலாமே என்று வினையூக்கியை எடுத்துவிட்டு வெறும் பிளாட்டினத் தகட்டை மாட்டினேன். அதே இடத்தில் அதே அரைவட்டம்.

மின்னழுத்தத்தை அளக்க ஆதாரமாக வைக்கும் ஒப்பீட்டு மின்முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். நுனியிலுள்ள நுண்துளை அடைப்புக்குச் சற்று மேலே கடுகளவு காற்றுக்குமிழி ஒன்று. விரலால் இரண்டு முறை சுண்டியதும் மேலே ஏறிவிட்டது. அடுத்த அளவீட்டில் சின்ன அரைவட்டத்தைக் காணோம்.

கரைசல் தடையை அந்த இடது முனையிலிருந்துதான் படிக்கிறோம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. 50 மில்லியாம்பியர் ஓடும்போது 1 ஓம் கூடுதலாகப் படித்தால், கரைசல் தடையால் இழக்கும் மின்னழுத்தத்தைக் கழிக்கும் திருத்தத்தில் 50 மில்லிவோல்ட் அதிகமாகக் கழிகிறது. வினையூக்கி அவ்வளவு மேம்பட்டதாகத் தாளில் ஏறிவிடும். அந்தத் துறையில் 50 மில்லிவோல்ட்டுக்காக மாதக்கணக்கில் உழைக்கிறார்கள்.

பதில்:
எனக்குக் குமிழித் தொல்லை தாழ் அதிர்வெண் பக்கத்தில். 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே புள்ளிகள் சிதறின. 10 மில்லிஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கே 100 விநாடி ஆகும். அதற்குள் ஆக்சிஜன் குமிழிகள் ஒட்டி, பெருத்து, கழன்றுபோக, நாம் அளக்கும் பரப்பே மாறிவிடுகிறது. அளவீட்டின்போது அமைப்பு மாறாமல் இருந்ததா என்று காட்டும் கிராமர்ஸ்-குரோனிக் சோதனை போட்டதில் சரியாக அந்தப் புள்ளிகள்தான் விலகி நின்றன. சுழல் மின்முனைக்கு மாறினேன். ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் மின்னோட்டம் நிலைக்கும்வரை அதே மின்னழுத்தத்தில் பிடித்துவைத்தேன். வளைவு ஒழுங்குக்கு வந்தது.

பதில்:
உயர் அதிர்வெண் சிக்கலுக்கு எனக்குக் கைகொடுத்தது ஒரு பிளாட்டினக் கம்பி. ஒப்பீட்டு மின்முனையின் பக்கத்தில் கரைசலில் முக்கி, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி வழியாக அதே இணைப்பில் சேர்த்தேன். வேகமான சமிக்ஞை கம்பி வழியே போய்விடுகிறது. மாறாத (DC) மின்னழுத்தத்தை ஒப்பீட்டு மின்முனையே பார்த்துக்கொள்கிறது. குமிழியைச் சுண்டிவிட்ட பிறகும் அந்தச் சின்ன அரைவட்டம் கொஞ்சம் மிச்சமிருந்தால் இதைச் செய்து பாருங்கள்.