கலைச்சொல்: ஃப்ரீ இம்ப்ரொவைசேஷனைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

உள்ளூர்க் குழு ஒன்று ஒரு மாலை முழுக்க ஃப்ரீ இம்ப்ரொவைசேஷன் (எதையும் முன்கூட்டித் தீர்மானிக்காமல் மேடையிலேயே உருவாக்கும் இசை) வாசிக்கிறது, அறிவிப்பைத் தமிழில் எழுத என்ன சொல் என்று கேட்டிருந்தீர்கள். 'கட்டற்ற இசை', 'தான்தோன்றி இசை', 'மனோதர்ம இசை', 'ஆசு இசை' என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எல்லாமே யோசித்துச் சொன்னவை. ஆனால் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசினால் முடிவுக்கு வர மாட்டோம். மேடையில் நடப்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

நான்கைந்து பேர் வந்து உட்காருகிறார்கள். சாக்சபோன், செல்லோ, தாளக்கருவிகள், மேசை மேல் படுக்கவைத்த மின்கிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இசைக்குறிப்புத் தாள் இல்லை. ராகம், தாளம், எவ்வளவு நேரம், யார் தொடங்குவது, எதுவும் பேசி வைக்கவில்லை. ஒருவர் செல்லோ வில்லால் சிம்பலின் விளிம்பைத் தேய்க்கிறார். சாக்சபோன்காரர் சுரம் எதுவும் எழுப்பாமல் குழலுக்குள் வெறும் காற்றை விடுகிறார். இரண்டும் ஒட்டுகிறதா, முட்டுகிறதா என்று கேட்டபடி மூன்றாமவர் சும்மா இருக்கிறார். அந்தச் சும்மா இருப்பதும் வாசிப்பில் சேர்த்திதான். எப்போது நுழைவது என்பதைவிட எப்போது நுழையாமல் இருப்பது என்பதுதான் இந்த இசையில் கடினம்.

அதைவிடக் கடினம் முடிப்பது. கச்சேரியில் தாளக்கருவிகளின் தனி ஆவர்த்தனம் முடியும்போது கோர்வை (முடிப்புக்கான தாளக்கணக்கு) எங்கே வந்து சேரும் என்பது வாசிப்பவருக்குத் தெரியும், பாடுபவருக்குத் தெரியும், கையில் தாளம் போடும் ரசிகருக்கும் தெரியும். இங்கே கோர்வையும் இல்லை, தாளத்தில் பாடல் தொடங்கும் இடமான எடுப்பும் இல்லை. ஓசை மெலிந்துகொண்டே வரும்போது, இது முடிவா, இடைவெளியா என்பதை ஐந்து பேரும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அது ஒரே தீர்மானமாக இருக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டு மேலும் ஒரு சுரம் வாசித்துவிட்டால் முடிந்த துண்டு மறுபடி திறந்துகொள்ளும். அப்போது மற்றவர்கள் அதை ஏற்று, அங்கிருந்து வேறு எங்கோ போக வேண்டும். காதைத் தீட்டிக்கொண்டு உட்காராதவரால் இது முடியாது.

அதனால் 'ஃப்ரீ' என்ற முன்னொட்டை மட்டும் பிடித்துக்கொண்டு சொல் தேடினால் வழி தவறும் என்பது என் கருத்து. எதிலிருந்து விடுதலை என்று பார்க்க வேண்டும். முன்னரே ஒத்துக்கொண்ட இலக்கணத்திலிருந்துதான் விடுதலை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் கடமையிலிருந்து அல்ல. அந்தக் கடமை இங்கே இரட்டிப்பாகிறது.

வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1960களில் ஐரோப்பாவில் இது தனி வழியாகக் கிளைத்தபோது பெரும்பாலும் குழுக்களாகத்தான் கிளைத்தது. லண்டனில் ஏஎம்எம் குழு 1965இல் உருவானது. அதில்தான் கீத் ரோ கிட்டாரைப் படுக்கவைத்து, கையில் கிடைத்த பொருள்களைத் தந்திகள் மேல் வைத்து வாசித்தார்; வானொலிப் பெட்டியையும் இசைக்கருவியாகக் கொண்டுவந்தார். ரோமில் மியூசிகா எலெட்ரோனிகா விவா 1966இல் தொடங்கியது. கிட்டார் கலைஞர் டெரெக் பெய்லி, 1977 முதல் 1994 வரை 'கம்பெனி வாரம்' என்று ஒன்றை நடத்தினார். அதுவரை சேர்ந்து வாசித்தே பார்க்காதவர்களையும் அழைத்து, இருவராகவும் மூவராகவும் மேடையேற்றினார். முன்பின் பழக்கமில்லாத இருவருக்கிடையே என்ன பிறக்கிறது என்பதுதான் அங்கே நிகழ்ச்சி.

சரி, இனி பரிந்துரைகள்.

'கட்டற்ற' நல்ல சொல். ஆனால் 'கட்டற்ற மென்பொருள்' என்று அது ஏற்கனவே நிலைத்துவிட்டது. 'கட்டற்ற இசை' என்றால், யாரும் பகிரவும் மாற்றவும் உரிமம் தரப்பட்ட இசை என்றுதான் நம்மில் பலர் படிப்போம். அப்படிப்பட்ட இசையும் உண்மையிலேயே இருப்பதால் குழப்பம் தீராது. 'சுதந்திர இசை' என்று போட்டால், நிறுவனம் சாராத சுயாதீன இசைக்கலைஞர்களை நினைப்பார்கள்.

'தான்தோன்றி' ஓசையில் எனக்குப் பிடித்தது. சுயம்புவாகத் தோன்றியது என்ற பொருள் அழகு. ஆனால் பேச்சில் அது 'தான்தோன்றித்தனம்' ஆகிவிட்டது. யார் சொல்லையும் கேளாமல் தன் போக்கில் நடப்பவரைச் சொல்லும் சொல்லை, கேட்பதையே உயிராகக் கொண்ட இசைக்கு வைக்க மனம் வரவில்லை.

'மனோதர்மம்' பற்றி இங்கே நிறையப் பேசப்பட்டது, சற்று நின்று பார்க்கிறேன். கர்நாடக இசையில் மனோதர்மம் எனப்படும் ஆலாபனை (ராகத்தை விரிப்பது), நிரவல் (ஒரு வரியைப் பலவிதமாகப் பாடுவது), கல்பனாஸ்வரம் (சுரங்களைக் கற்பனையாகக் கோப்பது) எல்லாம் அந்த நேரத்தில் பிறப்பவைதான். ஆனால் ராகம் என்ற வீட்டுக்குள் பிறக்கின்றன. நிரவலில் சாகித்திய வரி மாறாது. கல்பனாஸ்வரம் எவ்வளவு சுற்றினாலும் எடுப்புக்கு வந்து சேர வேண்டும். அடியார்க்கு நல்லார் சிலப்பதிகார உரையில் பேசும் 'ஆளத்தி'யை எடுத்தாளலாம் என்றார் ஒரு நண்பர். அதுவும் ஒரு பண்ணின் (பழந்தமிழ் ராகத்தின்) வடிவை விரிக்கும் ஆலாபனையைத்தான் குறிக்கிறது. டெரெக் பெய்லி 1980இல் வெளியிட்ட நூலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைத்தார்: ஒரு மரபின் மொழிக்குள் நின்று செய்வது ஒன்று, எந்த மரபின் மொழியையும் அடித்தளமாகக் கொள்ளாதது இன்னொன்று. இந்திய இசையையும் அவர் முதல் வகையில்தான் எடுத்துக்காட்டினார். ஆகவே மனோதர்மம் இதன் உறவுக்காரி. இதன் பெயராக முடியாது.

'ஆசு' என்பதும் அதே பக்கம்தான். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்ற நால்வகையில் ஆசுகவி, கொடுத்த பொருளில் கொடுத்த பாவகையில் உடனே பாடுபவர். பொருளும் யாப்பும் முன்பே கையில் இருக்கின்றன. தவிர, 'ஆசு' என்றால் குற்றம் என்றும் பொருள்.

என் பரிந்துரை 'உடன்புனைவு'. 'உடன்' என்பதில் உடனடியாக என்பதும் இருக்கிறது, ஒருவரோடு ஒருவர் என்பதும் இருக்கிறது. 'உடனே வா', 'உடன் வா' என்று இரண்டையும் நாம் தினமும் சொல்கிறோம். இந்த இசைக்கு இரண்டுமே வேண்டும். 'இம்ப்ரொவைசேஷன்' என்ற சொல்லை அதன் லத்தீன் வேரின்படி 'முன்னரே காணாதது' என்று மொழிபெயர்த்தால் கிடைப்பது ஒரு இல்லாமை மட்டுமே. உடன்புனைவு, என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறது.

இதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டால் கிளைகள் எளிதாக வரும். மனோதர்மம், ஜாஸ் தனிவாசிப்பு எல்லாம் 'மரபுவழி உடன்புனைவு'. நாம் பேசும் இசை 'திறந்த உடன்புனைவு'. அமெரிக்க இசைக்கலைஞர் புட்ச் மாரிஸ் 1985 முதல் மேடையில் செய்துகாட்டியதுபோல், ஒருவர் முன்னால் நின்று கையசைவுகளால் வழிநடத்தினால் 'சைகைவழி உடன்புனைவு'. ஃப்ரீ ஜாஸ் என்பதை இதோடு சேர்க்க வேண்டாம். ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் 1960இல் இரண்டு நால்வர் குழுக்களை ஒன்றாக வைத்துப் பதிவுசெய்ததில்கூட முன்னரே எழுதிய பகுதிகள் உண்டு, ஜாஸின் நடையும் உண்டு. அதற்கு 'கட்டற்ற ஜாஸ்' பொருந்தும். ஜாஸ் என்ற சொல் பக்கத்திலேயே இருப்பதால் மென்பொருள் குழப்பமும் வராது.

வினையாக்கிப் பார்த்தேன்: உடன்புனைந்தார்கள், உடன்புனையும் குழு, உடன்புனைஞர். நாவில் தடுக்கவில்லை. நாடகக்காரர்களும் நடனக்காரர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு மறுப்புகள் வரக்கூடும். தனியாள் வாசித்தால் 'உடன்' எங்கே? இவான் பார்க்கர் இடைவிடாத மூச்சில் தனி சாக்சபோன் வாசிக்கும்போது 'உடனடி' என்ற பொருள் மட்டும் நிற்கும், சொல் உடையாது. இன்னொன்று, 'புனைவு' என்றதும் கதை நினைவுக்கு வரும். இது நியாயமான மறுப்பு. பூவைப் புனைவது, பாட்டுப் புனைவது என்ற பழைய வழக்கு இன்னும் உயிரோடு இருப்பதை நம்பித்தான் சொல்கிறேன். இதைவிட நல்ல வினை கிடைத்தால் மாற்றத் தயார். 'உடன்' மட்டும் போகக் கூடாது.

அறிவிப்புக்கு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: "இன்று மாலை திறந்த உடன்புனைவு இசை. முன்கூட்டி எழுதிய பாடலோ ராகமோ தாளமோ இல்லை. கலைஞர்கள் ஒருவரையொருவர் கேட்டபடி அங்கேயே இசையை உருவாக்குவார்கள். ஒவ்வொரு பகுதியும் எப்போது முடியும் என்பது அவர்களுக்கும் தெரியாது. ஓசை முழுவதும் அடங்கும் வரை கைதட்டாமல் காத்திருக்க வேண்டுகிறோம்."

கடைசி வரி கட்டாயம் வேண்டும். பழகாத அரங்கில் முதலில் கெடுவது முடிவுதான்.