மறு: ‘மாரல் எகானமி’ – அறப் பொருளாதாரமா, நியாயப் பொருளாதாரமா?

> சமூக வரலாற்றுக் கலைச்சொல் பட்டியலில் இதற்கு ‘அறப் பொருளாதாரம்’ என்று போட்டு முடித்துவிடலாமே?

ஐயா, வணக்கம்.

முடித்துவிடலாம்தான். விலை, குத்தகை போன்றவற்றில் எது நியாயம், எது அநியாயம் என்று சாதாரண மக்கள் பழைய வழக்கத்தை ஒட்டிக் கொண்டிருந்த எண்ணத்தையே ‘மாரல் எகானமி’ (moral economy) என்கிறார்கள். ஆனால் ‘அறப் பொருளாதாரம்’ என்றால் படிப்பவர் நேரே அறக்கட்டளைப் பக்கம் போய்விடுவார். அறச்சீற்றம் என்றால் கோபத்தின் நியாயம் புரிகிறது. பணம், பொருள் என்று வரும் இடத்தில் அறம் சேர்ந்தாலோ சத்திரம், அன்னதானம், அறநிலையத் துறை என்றே நம் நினைப்பு ஓடும். இங்கே பேசப்படுகிற, உணவுக் கலவரத்தில் இறங்கிய கூட்டம் தானம் கேட்ட கூட்டம் அல்ல.

ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் 1971-இல் ‘பாஸ்ட் அண்ட் பிரசன்ட்’ என்ற வரலாற்று இதழில் எழுதிய கட்டுரைதான் இச்சொல்லை இத்துறையில் நிலைநிறுத்தியது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உணவுக் கலவரங்களை வெறும் பசியின் வெடிப்பு என்று தள்ளிவிடக் கூடாது என்பது அவர் வாதம். அவர் காட்டும் ஒரு சம்பவம் போதும்: 1766-இல் டெவன் மாவட்டத்து ஹானிட்டனில் லேஸ் பின்னும் தொழிலாளர்கள் விவசாயிகளின் இடத்துக்கே போய்த் தானியத்தை எடுத்தார்கள், சந்தைக்குக் கொண்டுபோய்த் தாங்களே விற்றார்கள், பிறகு பணத்தையும், காலிச் சாக்குகளையும்கூட, உரியவர்களிடம் ஒப்படைத்தார்கள். சாக்கைத் திருப்பிக் கொடுக்கிற கொள்ளையும் உண்டா! பதுக்கக் கூடாது, சந்தையில் வைத்து உள்ளூர் ஏழைக்கு முதலில் விற்க வேண்டும் என்ற பழைய வழக்கம் மீறப்பட்டதாகக் கருதியே இத்தகைய கூட்டங்கள் எழுந்தன.

ஆகவே என் பரிந்துரை ‘நியாயப் பொருளாதாரம்’. (‘பொருளியல்’ படிப்பின் பெயர்; இங்கே ஒட்டாது.)

> ரேஷன் கடை நினைவுக்கு வருமே?

வரட்டும், அம்மா. அதிகாரிகள் தலையிட்டு விலையை அடக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அந்தக் கூட்டத்துக்கும் இருந்ததுதான். ‘நியாயம்’ தமிழ்ச்சொல்லா என்ற சண்டையை மட்டும் வேறு இழைக்குக் கொண்டுபோய்விடுவோம். சிலர் எழுதும் ‘தார்மீகப் பொருளாதாரம்’ மாற்றுச்சொல்லாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ஒரு சோதனை பாக்கி. அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் 1976-இல் இதே கருத்தைப் பர்மா, வியட்நாம் குடியானவர்களிடம் கொண்டுபோனார். அங்கே சண்டை தானிய விலையைப் பற்றியது மட்டுமல்ல. குத்தகை, வரி, கடன் எல்லாம் உண்டு. விளைச்சல் பொய்த்த ஆண்டில் நிலக்காரர் குத்தகையைத் தள்ளிக்கொடுப்பது கருணை அல்ல, கடமை என்றே குத்தகைதாரர் எண்ணினார். அதற்கும் ‘நியாயம்’ பொருந்துகிறது. ‘அறம்’ அங்கேயும் தர்மப் பிச்சையாகத்தான் தொனிக்கும். மாற்றுக் கருத்துடையவர்கள் தங்கள் சொல்லை இந்த இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.