முதல் மாடல் ரயில் செட்: 120 × 75 செ.மீ. மேசைக்கு எச்ஓவா (HO), என் (N) ஸ்கேலா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எட்டு வயது மகளும் நானும் சேர்ந்து ஓட்டுவதற்கு ஒரு மாடல் ரயில் ஸ்டார்ட்டர் செட் வாங்க எண்ணியிருக்கிறேன். எங்களிடம் உள்ள மேசை 120 செ.மீ. நீளமும் 75 செ.மீ. அகலமும் கொண்டது. சென்ற ஆண்டு ஓர் எச்ஓ செட்டை வாங்கித் தரைவிரிப்பின் மேல் அமைத்தோம். இரண்டே வாரத்தில் எஞ்சின் திணறித் திணறி நின்றுவிட்டது. எச்ஓ, என் ஆகிய இரண்டு மாடல் அளவுகளில் எது எங்களுக்கு ஏற்றது? சாதாரண டிசி (நேர்மின்னோட்ட) கன்ட்ரோலர் போதுமா, தொடக்கத்திலேயே டிஜிட்டல் வாங்கிவிடலாமா? பழைய தண்டவாளத்தைப் புதியதோடு இணைக்க முடியுமா?

பதில் 1

எஞ்சினின் அழகைப் பார்த்து செட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். முதலில் வளைவின் ஆரத்தைப் பாருங்கள். எச்ஓ என்பது 1:87 அளவு, அதாவது உண்மையான ரயிலில் 87-இல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதன் செட்டுகளில் வரும் மிகச் சிறிய வளைவுகளின் ஆரம் பெரும்பாலும் 360 முதல் 371 மி.மீ. வரை இருக்கும். 371 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் விட்டம் 74.2 செ.மீ. என்பதால், 75 செ.மீ. மேசையில் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் அது தண்டவாளத்தின் நடுக்கோட்டை வைத்துச் சொல்லும் அளவு. தண்டவாளத்தின் அகலத்தையும், வளைவில் பெட்டி வெளியே நீட்டிக்கொள்வதையும் சேர்த்தால் 82 செ.மீ.க்குக் குறையாமல் தேவைப்படும்.

என் ஸ்கேல் 1:160 அளவு, இடைவெளி 9 மி.மீ. காட்டோ நிறுவனத்தின் யூனிட்ராக் தண்டவாள வரிசையில் 249, 282, 315 மி.மீ. ஆரங்களில் வளைவுகள் கிடைக்கின்றன. 315 மி.மீ. வட்டம்கூட உங்கள் மேசையில் தாராளமாக அமையும். அதற்குள்ளேயே இன்னொரு வட்டமும் போட்டு இரண்டு ரயில்களை ஓட்டலாம். இடத்தை மட்டும் கருதினால் என் ஸ்கேல்தான் சரி.

பதில் 2

அளவுகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, முடிவில்தான் வேறுபடுகிறேன். 20 மீட்டர் நீளமுள்ள உண்மையான பெட்டி எச்ஓவில் ஏறத்தாழ 23 செ.மீ., என் ஸ்கேலில் 12.5 செ.மீ. அந்தச் சிறிய பெட்டியின் சக்கரங்களை 9 மி.மீ. தண்டவாளத்தில் ஏற்றி உட்கார வைப்பது பெரியவர்களுக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை. ரயிலைக் கையால் கோத்து, பிரித்து, மாற்றிக் கோப்பதில்தான் குழந்தைக்கு மகிழ்ச்சி இருக்கிறது. ஆகவே, 120 × 90 செ.மீ. அளவில் ஓர் ஒட்டுப்பலகையை வாங்கி, அது நழுவாதபடி அடியில் மேசை விளிம்பை ஒட்டிச் சட்டங்கள் அறைந்து, மேசையின் மேல் வையுங்கள். இருபுறமும் 7.5 செ.மீ. மட்டுமே வெளியே நீளும். எச்ஓ வட்டம் அதில் அமைந்துவிடும்.

நின்றுபோன எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதைத் திருப்பிப் பிடித்து, அச்சுகளில் விரிப்பின் நூலிழைகள் சுற்றியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் இடுக்கியால் உருவி எடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் சக்கரங்களையும் தண்டவாளத்தின் மேற்பரப்பையும் துடையுங்கள். சக்கரத்தில் கருமை படிந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு எஞ்சினைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்க அச்சில் சாம்பல் நிற நூல் மோதிரம்போல் இறுகச் சுற்றியிருந்தது. அதை எடுத்துச் சக்கரங்களைத் துடைத்தபின் ஓடுகிறது. மகள் செய்தித்தாள்களை ஒட்டி, நூலில் பென்சிலைக் கட்டி 371 மி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, அதன்மேல் பழைய பெட்டியைத் தானே நகர்த்திப் பார்த்தாள். பலகை வைத்து எச்ஓவே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். டிஜிட்டல் பற்றியும் பழைய தண்டவாளம் பற்றியும் சொல்ல முடியுமா?

பதில் 1

எஞ்சின் மீண்டும் ஓடுவது பெரிய மகிழ்ச்சி. டிசியில் தண்டவாளத்தின் மின்னழுத்தம்தான் வேகத்தை நிர்ணயிக்கிறது. ஒரே வட்டத்தில் இரண்டு எஞ்சின்களைத் தனித்தனியாக இயக்க முடியாது. டிசிசி என்னும் டிஜிட்டல் முறையில் ஒவ்வோர் எஞ்சினுக்குள்ளும் டீகோடர் என்னும் சிறு மின்னணுப் பலகை இருந்து, தனக்குரிய கட்டளையை மட்டும் ஏற்கும். ஒரு ரயிலுடன் தொடங்கும் உங்களுக்கு டிசியே போதும். ஆனால் வாங்கும் எஞ்சினில் டீகோடர் பொருத்தும் சாக்கெட் இருக்கட்டும். டீகோடர் இல்லாத பழைய எஞ்சினைப் பின்னாளில் டிஜிட்டல் தண்டவாளத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். மோட்டார் சூடாகிக் கெட்டுவிடும்.

பழைய தண்டவாளத்தைப் பொறுத்தவரை, இடைவெளி ஒன்றாக இருந்தாலும் தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் கொக்கிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. மெர்க்லின் நிறுவனத்தின் எச்ஓ தண்டவாளம் நடுவிலும் மின்தொடர்பு கொண்டது. மற்ற நிறுவனங்களின் இரு தண்டவாள எஞ்சின்கள் அதில் ஓடாது. பழைய தண்டவாளம் எந்த வகை என்று பார்த்து, அதே வகை செட்டை வாங்கினால் உங்களிடம் உள்ளவை அனைத்தும் அப்படியே பயன்படும்.