ஒட்டுப்பால் யாருக்குச் சேரும்? லேவியராகமம் 19-ஐ ரப்பர் விளையில் வாசிக்கும்போது

கேள்வி: விளவங்கோட்டு ஆசிரியர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். களியக்காவிளைக்கு அருகே, கேரள எல்லையை ஒட்டி, அப்பா வழியில் எனக்கும் என் தம்பிக்குமாக ஒரு சிறிய ரப்பர் விளை, அதாவது தோட்டம், வந்திருக்கிறது. எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அண்ணன் பால் வெட்டுகிறார். அவருக்குத் தினக்கூலி கிடையாது. ஷீட் விற்ற பணத்தில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு.

ரப்பர் பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விடியற்காலையில் பட்டையைச் சீவியபின் சில மணி நேரம் பால் சிரட்டையில் வடியும். அதைச் சேகரித்துக் கொண்டுபோய் ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிப்பார்கள். பால் எடுத்த பிறகும் வெட்டின் மேல் நாடாவைப்போல் காய்ந்து நிற்பதும், சிரட்டையின் அடியில் பிந்தி வடிந்து கட்டியாகிக் கிடப்பதும்தான் ஒட்டுப்பால். அடுத்த வெட்டுக்கு வரும்போது வெட்டுகிறவர் அதை உரித்துச் சாக்கில் போட்டுக்கொள்வார். ஷீட்டைவிட விலை குறைவு என்றாலும், மொத்த விளைச்சலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அது வரும்.

அப்பாவின் காலத்தில் ஒட்டுப்பால் வெட்டுகிறவருக்கே என்பது எங்கள் விளையின் வழக்கம். யாரும் அதைக் கணக்கில் எழுதியதில்லை. 2011-இல் ஷீட் விலை கிலோவுக்கு 240 ரூபாய் அளவுக்கு ஏறியபோது, சுற்றுவட்டாரத்தில் பல உடைமைக்காரர்கள் ஒட்டுப்பாலையும் பங்கில் சேர்த்தார்கள். விலை இறங்கிய பின்பும் அதை விடவில்லை. இப்போது என் தம்பியும் அப்படியே செய்யலாம் என்கிறான்.

இந்த நிலையில்தான் குடும்ப ஜெபத்தில் லேவியராகமம் 19 வாசிப்புக்கு வந்தது. "வயலின் ஓரத்திலிருக்கிறதை முற்றிலும் அறுக்காமலும், சிந்திக்கிடக்கிற கதிர்களைப் பொறுக்காமலும்" இருக்கவேண்டும் என்றும், "அவைகளை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடுவாயாக" என்றும் வாசித்தவுடன் என் மனம் ஒட்டுப்பாலுக்குத்தான் போயிற்று. கதிரைப்பற்றிச் சொன்னதை மரத்தில் ஏற்றக்கூடாது என்று தம்பி சொல்லுகிறான். இந்த வசனம் எங்களைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்துமானால், ஒட்டுப்பாலை விட்டுக்கொடுப்பது நாங்கள் செய்யும் தர்மமா, அல்லது அவருக்குச் சேரவேண்டிய உரிமையா?

பதில் 1: ஓய்வுபெற்ற உபதேசியார்

ஆசிரியரே, மரத்தைப்பற்றிய சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். அதே அதிகாரத்தின் 10-ஆம் வசனம் திராட்சத்தோட்டத்தைச் சொல்லுகிறது. உபாகமம் 24:20 ஒலிவமரத்தை உதிர்த்த பின்பு கொம்பிலே தப்பியிருக்கிறதைப் பறிக்கத் திரும்பிப் போகவேண்டாம் என்கிறது. ஆகவே மோசேயின் பிரமாணம் தானியத்தோடு நின்றுவிடவில்லை; ஆண்டுதோறும் பலன் கொடுக்கும் மரமும் அதற்குள் வருகிறது.

தர்மமா, உரிமையா என்ற கேள்விதான் கனமானது. "நான் உங்கள் தேவனாகிய கர்த்தர்" என்ற வார்த்தையோடு அந்தக் கட்டளை முடிவதைக் கவனியுங்கள். நிலத்துக்குச் சொந்தக்காரன் இரக்கப்பட்டுக் கொடுக்கும்படி அங்கே கேட்கப்படவில்லை. ஓரத்தில் நிற்பதை அறுக்கும் அதிகாரமே அவனுக்கு இல்லை என்று சொல்லப்படுகிறது. இதற்கான காரணம் லேவியராகமம் 25:23-இல் வெளிப்படையாகவே இருக்கிறது: தேசம் தம்முடையது என்று கர்த்தர் சொல்லுகிறார். பத்திரம் நம் பெயரில் இருந்தாலும் விளையின் மெய்யான உடைமைக்காரர் வேறொருவர் என்று நம்புகிறவனுக்கு, சிந்தினது தன்னுடையதல்ல என்பது சிரமமான போதனையாக இருக்காது.

ஆனால் ஒன்றைக் கவனமாகப் பிரித்துப் பாருங்கள். மூன்று வசனம் தள்ளி, 13-ஆம் வசனத்தில், "கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று இருக்கிறது. ஓரத்தில் விடுவது வேறு, கூலி வேறு. ஒட்டுப்பாலை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிக்கொண்டே பங்குப்பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் விசுவாசிகளை நான் ஊழியம் செய்த சபைகளில் பார்த்திருக்கிறேன். அவர்கள் 9-ஆம் வசனத்தைக் கொண்டு 13-ஆம் வசனத்தை மூடி மறைக்கிறார்கள். நீங்கள் முதலில் கேட்கவேண்டியது, அந்த அண்ணனுக்குப் பங்குப்பணம் ஷீட் விற்ற அன்றைக்கே போய்ச் சேருகிறதா என்பதுதான்.

பதில் 2: கிருபையின் கீழ்

உபதேசியார் ஐயாவின் அனுபவத்துக்கு மரியாதை செலுத்தியே இதை எழுதுகிறேன். இஸ்ரவேலருக்கு, அவர்களுடைய தேசத்துக்கென்று கொடுக்கப்பட்ட பிரமாணத்தைக் குமரி மாவட்டத்து ரப்பர் விளைக்குக் கொண்டுவருவது சரியான முறையா? அதே 19-ஆம் அதிகாரத்தின் 19-ஆம் வசனம், ஒரே வயலில் வெவ்வேறு வகையான விதைகளைக் கலந்து விதைக்கக்கூடாது என்கிறது. ரப்பர் கன்று நட்ட முதல் சில ஆண்டுகள் நாம் எல்லோரும் இடையில் வாழையும் மரச்சீனியும் அன்னாசியும் வைக்கிறோம். அந்த வசனத்தை விட்டுவிட்டு 9-ஆம் வசனத்தை மட்டும் பிடித்துக்கொள்வது, நமக்கு மனம் இளகிய இடத்தில் மட்டும் வேதத்தை வாசிப்பதாகும்.

தவிர, சிறு விவசாயிதான் எப்போதும் கொடுமைக்காரன் என்ற தொனியும் சரியல்ல. மழைக்காலத்தில் மரத்துக்குப் பிளாஸ்டிக் மறை கட்டும் செலவு, உரம், ஆசிட், ஷீட் காயவைக்கும் புகைப்புரை எல்லாம் உடைமைக்காரன் தலையில்தான் விழுகின்றன.

பதில் 3: ஓய்வுபெற்ற உபதேசியார்

கேட்டது நல்ல கேள்வி. அதற்குப் புதிய ஏற்பாட்டிலேயே பதில் இருக்கிறது. யாக்கோபு தன் நிருபத்தை எழுதும்போது இந்த அதிகாரத்தை அருகில் வைத்துக்கொண்டே எழுதினார் என்று சொல்லலாம்: 2:8-இல் பிறனிடத்தில் அன்புகூரும் கட்டளையை எடுத்துக்காட்டுகிறார், அது லேவியராகமம் 19:18. பிறகு 5:4-இல், "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று 13-ஆம் வசனத்தின் பொருளையே சபைக்குப் பிரசங்கிக்கிறார். கலப்பு விதையைப்பற்றி அப்போஸ்தலர் யாரும் சபைக்கு எழுதவில்லை. ஆகவே எதை எடுப்பது, எதை விடுவது என்பது நம் மனம் இளகுவதைப் பொறுத்ததல்ல. "அன்பு நியாயப்பிரமாணத்தின் நிறைவேறுதலாயிருக்கிறது" என்று ரோமர் 13:10 சொல்லும்போது, பிறனுக்குப் பொல்லாங்கு செய்யாதிருப்பதையே அளவுகோலாக வைக்கிறது.

செலவைப்பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. அந்தச் செலவைப் பங்கு பேசும்போதே பேசவேண்டும்; பிறகு ஒட்டுப்பாலில் கைவைத்து ஈடுசெய்யக்கூடாது.

பதில் 4: வெட்டுக்கத்தி

ஆசிரியர் சாருக்கும் உபதேசியார் ஐயாவுக்கும் வணக்கம். நான் பால் வெட்டுகிறவன். சொந்தமாக ஒரு மரமும் இல்லை. இதுவரை எழுதியவர்கள் எல்லாம் உடைமைக்காரரின் இடத்தில் நின்று வசனத்தை வாசித்தீர்கள். நான் நிற்கும் இடத்திலிருந்து வாசித்தால் வேறு ஒன்று தெரிகிறது.

ரூத் 2-ஆம் அதிகாரத்தில் மூன்று வகையானவர்கள் இருக்கிறார்கள். போவாஸ் வயலுக்குச் சொந்தக்காரன். அறுக்கிறவர்கள் அவனுடைய வேலைக்காரர். ரூத் அவர்களுக்குப் பின்னாலே பொறுக்குகிறவள். நீங்கள் எல்லோரும் என்னை ரூத்தின் இடத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். நான் ரூத் அல்ல, அறுக்கிறவன். இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்து, பட்டையில் ஆழம் மிஞ்சிக் காயம் படாமல் கத்தியை இழுப்பது வேலை. அதற்கு எனக்குப் பங்கு உண்டு. சிந்தினதைப் பொறுக்கிக்கொள் என்று சொல்வது, கேட்பதற்கு இரக்கமாக இருந்தாலும், வேலை செய்கிறவனைப் பொறுக்குகிறவனாக ஆக்கிவிடுகிறது.

அந்த வழக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில் அதை நானே சொல்வதுதான் நேர்மை. ஒட்டுப்பால் முழுவதும் வெட்டுகிறவனுக்கு என்று இருந்தால், கொஞ்சம் முன்னதாகவே பால் எடுக்கப் போய்விடலாம். அதன் பிறகு சிரட்டையில் வடிவதெல்லாம் கட்டியாகி அவன் சாக்குக்குப் போகும். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஆனாலும் செய்யக்கூடும் என்ற சந்தேகம் உடைமைக்காரருக்கு வந்துவிடும். வந்தபின் அவர் காலையில் விளைக்குள் வந்து ஒவ்வொரு சிரட்டையாக எட்டிப் பார்ப்பார். "அவளை ஈனம்பண்ண வேண்டாம்" என்று போவாஸ் சொன்னான். என்னைக் கேட்டால், ஒட்டுப்பாலையும் ஷீட்டைப்போலவே எடைபோட்டு, பாதிக்குப் பாதி என்று வாய்திறந்து பேசிக்கொள்வது மேல். ஆனால் அதை உங்கள் தம்பி செய்ய நினைப்பதுபோல், நடுவில் ஒருநாள் திடீரென்று பிடித்தால், அது பங்கைக் குறைப்பதுதான். அப்போது மழைநாளுக்கோ வேறு எதற்கோ ஈடாக ஒன்று பேசியாகவேண்டும்.

அப்படியானால் ஓரத்தில் விடுவது யாருக்கு என்று கேட்பீர்கள். விளையில் பங்கே இல்லாதவர்களுக்கு. எங்கள் பக்கத்தில் விதவையான ஒரு பாட்டி விழுந்த ரப்பர்க் கம்பை விறகுக்குப் பொறுக்க வருவார்கள். சில விளைகளில் இப்போது கம்பி வேலி போட்டு, நாயும் கட்டிவிட்டார்கள். லேவியராகமம் 19:9 எந்த இடத்தில் மீறப்படுகிறது என்று கேட்டால், நான் அந்த வேலியைத்தான் காட்டுவேன்.

பதில் 5: பாறசாலைச் சகோதரி

வெட்டுக்கத்தி அண்ணன் எழுதியதை எங்கள் வீட்டில் சத்தமாக வாசித்தோம். எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போன பிறகு, உறவும் சபையும் எல்லையின் இரு பக்கமும் இருந்தாலும் சட்டங்கள் இரண்டாகிவிட்டன. 2015-இல் கேரள அரசு ரப்பருக்கு ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. சந்தை விலை கிலோவுக்கு 150 ரூபாய்க்குக் கீழே போனால், குறைகிற தொகையை அரசு விவசாயிக்குக் கொடுக்கும். 2021-இல் அந்த அளவை 170 ஆக்கினார்கள். பணம் உடைமைக்காரரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். பாதிப் பங்குக்கு வெட்டுகிறவருக்கு அதில் பாதி உண்டா என்பதைப் பல வீடுகளில் பேசுவதே இல்லை. சந்தை விலைக்குப் பில் போட்டு அதில் பாதியைக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஒட்டுப்பால் கண்ணுக்குத் தெரிகிறது, ஆகவே அதைப்பற்றி விவாதிக்கிறோம். வங்கியில் விழும் பணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. 13-ஆம் வசனம் அதற்கும் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

ஓரத்தில் விடுவதைப்பற்றி: எங்கள் ஊர்களில் சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும் பிடியரி வழக்கம் உண்டு. 1871-இல் மறைந்த கேரளக் கத்தோலிக்கக் குருவான குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா அச்சன் ஏழைப் பிள்ளைகளின் மதிய உணவுக்காக அதை ஊக்குவித்தார். நிலம் இல்லாத வீட்டுக்காரியும் தன் வீட்டு அறுப்பின் ஓரத்தை இப்படி விடமுடியும். இப்போது அது ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கையோடு பத்து ரூபாயாகச் சேர்ந்துவிட்டது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பலாப்பழத்தைப் பெருமைக்காக ஆயிரத்துக்கு எடுக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த வருமானத்தில் எவ்வளவு எளியவருக்குப் போகிறது என்று சபைக் கமிட்டியில் கேட்டால் முகம் சுளிப்பார்கள். இது வேறு விஷயம், நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் நன்றி. ரூத்தையும் அறுக்கிறவர்களையும் பிரித்துக் காட்டியதைத் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். தான் சொன்னது வேறு காரணத்துக்காகச் சரியாகிவிட்டதே என்று அவன் சிரித்தான். ஆனால் நடுவில் பிடிப்பது பங்கைக் குறைப்பது என்ற இடத்தில் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. இலையுதிர்ந்து வெட்டு நிற்கும் இந்த நாட்களிலேயே அண்ணனை வீட்டுக்கு அழைத்துப் பேசப்போகிறோம். ஒட்டுப்பாலும் பாதிக்குப் பாதி. விற்ற அன்றே பணம். மறை கட்டும் செலவு எங்களுடையது. அவர் பழைய வழக்கமே போதும் என்றால் அப்படியே விடுவோம். வெட்டுக்கத்தி அண்ணனிடம் ஒரு கேள்வி மட்டும்: மழைநாளுக்கு என்ன பேசுவது நியாயம்? ஜூனிலும் ஐப்பசியிலும் தொடர்ந்து வெட்டு இல்லாத வாரங்கள் இங்கே வருகின்றனவே.

பதில்: வெட்டுக்கத்தி

சார், வெட்டாத நாளுக்குப் பங்கு கேட்பது நியாயமில்லை. நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் அந்த வாரங்களில் விளையில் களை வெட்டவும் உரம் வைக்கவும் வெளியாளைக் கூப்பிடுகிறார்கள். அந்த வேலையை முதலில் அவரிடம் கேட்டு, நாட்டுக்கூலி கொடுத்தால் போதும். வெட்டிவிட்டு வந்தபின் மழை கொட்டிச் சிரட்டையில் பால் கலங்கிப்போகும் நாள்தான் கஷ்டம். வேலை முடிந்திருக்கும், பால் இருக்காது. அந்த நாளுக்கு ஒரு சிறு தொகையை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஒட்டுப்பாலை ஈரத்தோடு எடைபோடவேண்டாம். கடையில் ஈரத்துக்குக் கழிப்பார்கள், பிறகு யார் கணக்கில் கழிந்தது என்று பேச்சு வரும். புகைப்புரையில் ஒரு ஓரமாகக் காயவைத்து, இரண்டு பேரும் நிற்கும்போது நிறுங்கள்.