முதல் கதை, முதல் புத்தகம்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சந்திப்பு

கோடம்பாக்கம் வாசகி

மூன்று வருடமாக மனதில் கிடக்கிறது, இங்கேயாவது இறக்கி வைக்கலாம் என்று எழுதுகிறேன். கதை எழுதப் பழகும்போதோ புத்தகம் கொண்டுவர அலைந்தபோதோ நடந்த ஒரே ஒரு சந்திப்பை நீங்களும் சொல்லுங்கள். முழுக் கதையும் வேண்டாம், அந்த ஒன்று போதும்.

எனக்கு ராயப்பேட்டையில் ஒரு சிற்றிதழ் அலுவலகம். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, பழைய இதழ்க் கட்டுகள், இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். பன்னிரண்டு பக்கக் கதையை நேரில் கொண்டுபோனேன். ஆசிரியருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன், அவர் என் எதிரிலேயே படிக்க ஆரம்பித்துவிட்டார். ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்கக் காபி டம்ளரை மேலே வைத்துக்கொண்டார். கையில் பென்சில். முதல் ஒன்றரைப் பக்கத்துக்குக் குறுக்கே மெல்லிசாக ஒரே கோடு. அடுத்த ஐந்து பக்கம் பென்சில் படவே இல்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏழாம் பக்கத்தில் "கிழவி சாப்பிட்டு முடித்துத் திண்ணைக்கு வந்தாள்" என்று ஒரு வரி. பென்சிலை அங்கே வைத்து, "என்னம்மா சாப்பிட்டா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சாதம், குழம்பு என்று ஏதோ சொன்னேன். "மகன் பணம் அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சுன்னு மூணாம் பக்கத்துல நீதானே எழுதியிருக்க. ஒத்தை ஆளுக்குக் குழம்பு வெச்சிருப்பாளா?" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையிலேயே அந்தக் கிழவியின் நிலைமையை விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். கதையைத் திருத்தி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். நான் போகவில்லை. அவமானமா சோம்பலா என்று இன்றைக்கும் தெரியாது. போன வருடம் அந்தப் பக்கம் போனபோது அறை பூட்டியிருந்தது, இதழும் நின்றுவிட்டதாகப் பக்கத்துக் கடையில் சொன்னார்கள்.

ஆவடிக்காரன்

என்னுடையது பைண்டிங் கடையில் நடந்தது. பதிப்பகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பி.எஃப். பணத்திலிருந்து 40,000 ரூபாய் கொடுத்தேன், 300 பிரதி, அதில் 50 எனக்கு, மிச்சம் நந்தனம் புத்தகக் காட்சியிலும் வெளியூர்க் கடைகளிலும் விற்பது என்று பேச்சு. காட்சி தொடங்க இரண்டு நாள் இருக்கும்போதும் என் பிரதிகள் வரவில்லை. போன் செய்தால், அவசரம் என்றால் திருவல்லிக்கேணியில் பைண்டரிடமே போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

சந்துக்குள் சின்ன இடம். பசை வாடை, கட்டிங் மெஷினுக்குக் கீழே மலை மலையாகக் காகிதச் சீவல், ஒரு பையன் தரையில் உட்கார்ந்து அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறான். என் புத்தகத்தின் பெயரைச் சொன்னதும் பிரவுன் தாள் சுற்றிய இரண்டு கட்டைக் காட்டினான். மேலே மார்க்கரில் என் தலைப்பு, ஒரு கால் விட்டுப்போய். மிச்சக் கட்டெல்லாம் எங்கே தம்பி என்றேன். "ரெண்டே ரெண்டுதான் சார். கட்டுக்கு அம்பது, மொத்தமே நூறு" என்றான், கை வேலையை நிறுத்தாமல்.

ஒரு கட்டை ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் நாள் அதே பதிப்பாளர் அரங்கில் எனக்குச் சால்வை போர்த்தினார், போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோ எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது, அதில் நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பையனின் குரல்தான் கேட்கிறது.

அடையாறு ஆலமரம்

ஆவடி சார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், காசு கொடுத்துப் புத்தகம் போட்டதே முதல் தவறு. என் கதை இரண்டே வரி: விற்பனையில் பத்து சதவீதம் எனக்கு ராயல்டி என்று வாயால் சொன்னார்கள், நான்கு வருடம் கழித்துக் கணக்குக் கேட்டபோது "ஒப்பந்தம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். நின்ற இடத்தில் உறைந்துபோனேன். அதற்கப்புறம்தான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். புதிதாக வருகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் செல்லும். எந்தப் படைப்பு, என்ன உரிமை, எத்தனை காலம், எந்த நாடுகளுக்கு, ராயல்டி எவ்வளவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம்தான். இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி ஆகிவிடும். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள், "சகல உரிமைகளும்" என்ற ஒரே வரியில் கையெழுத்துப் போடாதீர்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குத் தனியாகப் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள், மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகவே தருகிறது. அச்சுச் செலவை பாரக் கணக்கில் கேளுங்கள்: 16 பக்கம் ஒரு பாரம், 160 பக்கப் புத்தகம் என்றால் பத்து பாரம், அப்போது யாரும் மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி உங்களைக் குழப்ப முடியாது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்பாளர் தன் செலவில் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், எழும்பூர் கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். கன்னிமாராவுக்கு ஒரு நடை போய் உங்கள் புத்தகம் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. செல்போன் செயலிகளில் எழுதிப் பழகுகிறேன் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். திருத்த ஆளே இல்லாத இடத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? எல்லோரும் "சூப்பர்" என்றுதான் போடுவார்கள்.

ஆவடிக்காரன்

நன்றி சார். ஆனால் பையன் நூறு என்று சொன்னபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தும் கேட்க வாய் வரவில்லை, நான் எழுதியது அதைத்தான். கைக்காசு போடுவதே தவறு என்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் "எழுத்து" இதழைத் தன் காசில்தான் தொடங்கினார், புத்தகங்களைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். காசு போட்டதில் தவறு இல்லை, எத்தனை அடித்தார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் சால்வைக்குக் கழுத்தை நீட்டினேனே, அதுதான்.

மெய்ப்பு மேசை

நான் எழுத்தாளர் இல்லை, பதினொரு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதனால் வேகம் முக்கியம். இது என் பக்கத்துத் தவறு.

காசிமேட்டுத் தம்பி ஒருவரின் முதல் சிறுகதைத் தொகுப்பு. இராத்திரி ஒன்பது மணிக்கு வந்தது, காலையில் கொடுக்க வேண்டும். யூனிகோடிலிருந்து, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் எழுத்துருவுக்கு மாற்றியதில் கொம்பும் காலும் அங்கங்கே பிரிந்து கிடந்தன, அதைச் சரிபார்க்கவே கண் எரிந்தது. அப்புறம் ஒற்று. அந்த வேகத்திலேயே உரையாடலில் வந்த "வூட்டாண்ட"வை எல்லாம் "வீட்டருகே" என்று மாற்றிவிட்டேன். தேடு, மாற்று, ஒரே தட்டு. பதினேழு இடம். எழுத்தாளருக்கு இரண்டாவது மெய்ப்பை அனுப்ப நேரம் இல்லை, நேராக அச்சுக்குப் போய்விட்டது.

புத்தகம் வந்த வாரம் அவர் போன் செய்தார். சண்டை போடுவார் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன். "அக்கா, எங்க ஆயா வீட்டருகேன்னு ஒரு தபாகூட சொன்னதில்லக்கா" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. பின்னால் கடல் சத்தமா லாரி சத்தமா தெரியவில்லை, இரைச்சலாக இருந்தது. நான் மன்னிப்புக்கூட ஒழுங்காகக் கேட்கவில்லை, "அடுத்த பதிப்புல பார்த்துக்கலாம் தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன். முதல் தொகுப்புக்கு அடுத்த பதிப்பு எத்தனை பேருக்கு வருகிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்.

இப்போது எந்தக் கையெழுத்துப் பிரதி வந்தாலும், மாற்றக் கூடாத சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று முதலிலேயே கேட்டு வாங்குகிறேன். புதிதாக எழுதுகிறவர்களே, யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே கொடுத்துவிடுங்கள். கடைசி மெய்ப்பை உங்கள் கண்ணால் பார்க்காமல் அச்சுக்கு விடாதீர்கள், நாளைக்கே புத்தகக் காட்சி என்று யார் அவசரப்படுத்தினாலும் சரி.

வியாசர்பாடி

அக்கா, அந்தத் தம்பி நான் இல்லை. ஆனால் படித்ததும் நெஞ்சு அடைத்தது.

அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகத்தில் ஒரு சின்னக் கூட்டம், புதியவர்கள் கதை வாசிக்கலாம் என்றார்கள். நான் எங்க பாஷையில் எழுதியதை வாசித்தேன். முன்வரிசை அமைதி. நடுவில் அம்மா லாரித் தண்ணிக்குக் குடத்தை வரிசை போட்டுவிட்டுச் சண்டை பிடிக்கிற இடம் வந்தபோது கடைசியில் வாசலோரமாக ஒருவர் சத்தமாகச் சிரித்தார். நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி அடுக்க வந்தவர், கையில் இரண்டு நாற்காலியைப் பிடித்தபடியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கூட்டம் முடிந்து நிறையப் பேர் நிறையச் சொன்னார்கள், மொழியைக் கொஞ்சம் பொதுவாக்கலாம் என்றுகூட ஒருவர் சொன்னார். எனக்கு அந்தச் சிரிப்பு போதும். இன்றைக்கும் ஒரு பக்கம் முடித்ததும் சத்தமாக வாசித்து, அவர் எங்கே சிரித்திருப்பார் என்று பார்க்கிறேன்.

குரோம்பேட்டை தொடர்கதை

ஆலமரம் சார், செயலியில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

பிரதிலிபியில் தொடர் எழுதுகிறேன், வாரம் மூன்று பாகம். காலை பீச் லோக்கல், பெண்கள் பெட்டி, நிற்கவே இடம் இல்லை. பக்கத்தில் டிபன் பையை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஓர் அம்மா போனில் படித்துக்கொண்டிருக்கிறார். எதேச்சையாகக் கண் போனது, என் 42-ஆம் பாகம்! பல்லாவரம் தாண்டி மீனம்பாக்கம் வரைக்கும் எனக்குக் காலே தரையில் இல்லை. பரங்கிமலை வந்தபோது அவர் விரலால் திரையை மேலே தள்ளி ஒரு பத்தியைத் திரும்பப் படித்தார். கிண்டியில் இன்னொரு தடவை, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. மாம்பலத்தில் இறங்கிப் போய்விட்டார். நான்தான் எழுதினேன் என்று சொல்லவில்லை.

பிடித்துப்போய்த் திரும்பப் படித்தாரா, புரியாமல் படித்தாரா? ஆபீசில் உட்கார்ந்ததும் அந்தப் பத்தியை எடுத்துப் பார்த்தேன். மாமியாரும் மருமகளும் பேசுகிற இடம், எட்டு வரி வசனம், எதை யார் சொல்கிறார்கள் என்று ஐந்தாவது வரியோடு எனக்கே குழம்பியது. அந்த அம்மா கிண்டி வரைக்கும் என் தவறோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அன்றிரவே மருமகள் கையில் ஒரு முறத்தைக் கொடுத்து, அவள் புடைப்பதை நிறுத்தும்போதெல்லாம் அவள் பேசுவதாக மாற்றி எழுதினேன். திருத்த ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள் சார். அந்த நெற்றிச் சுருக்கத்தைவிட யார் எனக்குக் கற்றுக்கொடுப்பார்கள்?

அடையாறு ஆலமரம்

சரிம்மா. அந்த வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஆனால் செயலியின் விதிமுறைகளையும் ஒருமுறை முழுக்கப் படித்துவிடு, நாளைக்கு அச்சுக்குக் கொடுக்கும்போது உரிமைச் சிக்கல் வரக் கூடாது.

மந்தைவெளி பெரியவர்

1983. அப்போதெல்லாம் பத்திரிகைக்குக் கதை அனுப்பினால் தபால்தலை ஒட்டி நம் விலாசம் எழுதிய உறையையும் உள்ளே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை திரும்பி வராது. ஒன்பது முறை அப்படித் திரும்பியது. ஒன்பதாவது முறை உறையை வாங்கிக்கொண்டு வந்த அம்மா, "என்னடா, உன் கையெழுத்துலயே உனக்கு லெட்டர் வருது" என்றாள். பாவம், அவள் தெரியாமல்தான் கேட்டாள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. உறையைப் பிரித்தேன், "பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்" என்ற அச்சடித்த சீட்டு குண்டூசியில் குத்தியிருந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே டிரங்குப் பெட்டியில் போட்டு மூடினேன். அத்தோடு எழுதுவதை விட்டுவிட்டேன், வங்கி வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று காலம் போய்விட்டது.

2019-இல் வீடு மாற்றும்போது பெட்டியைத் திறந்தோம். குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது, இழுத்ததில் சீட்டு கிழிந்து திரும்பியது. பின்பக்கம் பச்சை மையில் இரண்டு வரி: "உரையாடல் நன்றாக வருகிறது. முடிவை மாற்றி மறுபடி அனுப்புங்கள்." கீழே முதலெழுத்து மட்டும்.

36 வருடம் சார். திருப்பிப் பார்க்கவில்லை.

கோடம்பாக்கம் வாசகி

ஐயா, இதைப் படித்துவிட்டு எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றேன். எனக்கு மூன்று வருடம்தான் ஆகியிருக்கிறது. அந்தக் கிழவி ரேஷன் அரிசிக் கஞ்சியும் பக்கத்து வீட்டில் கொடுத்த நார்த்தங்காய் ஊறுகாய்த் துண்டும் சாப்பிட்டாள், துண்டில் பாதியை இரவுக்கு எடுத்து வைத்தாள். இன்றைக்குத்தான் தெரிந்தது.

மெய்ப்பு மேசை

மந்தைவெளி ஐயா, அந்தக் கதையைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். தட்டச்சு செய்து தருகிறேன், பணம் எதுவும் வேண்டாம். ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

மந்தைவெளி பெரியவர்

ரொம்ப நன்றிம்மா. பேத்தி போட்டோ எடுத்துக் கொடுத்துவிட்டாள். பதினோரு பக்கம் நன்றாக இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் பட்டு மை கரைந்துவிட்டது. அங்கே என்ன முடிவு எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. இரண்டு நாள் கொடு, எழுதி அனுப்புகிறேன்.