மின்னணு கேரிலானுக்கு ‘மின்மணி’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேரிலான் (carillon) என்பது கோபுரத்தில் தொங்கும் பல மணிகளைக் கீழிருந்து இயக்கி வாசிக்கும் இசைக்கருவி. பல்கலைக்கழக வளாகக் கோபுரங்களில் ஒலிக்கும் அதன் மின்னணு வடிவத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் விவாதத்தில், ‘மின்மணி’ என்ற சொல்லை ஐயா ஒருவர் முன்வைத்திருக்கிறார். கைக்கு அடக்கமான சொல்தான். ஆனால் வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணியும் மின்மணியே. அம்மையார் ஒருவர் பரிந்துரைத்த ‘பண்மணி’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பேச்சில் அது ‘பன்மணி’யோடு குழம்பிவிடும் என்பதால்தான் தயங்குகிறேன்.

மூலக் கருவியிலிருந்து தொடங்குவோம். சுருதி சேர்த்த வெண்கல மணிகள், அவற்றை இயக்கும் மரக்கட்டைகள் கொண்ட விசைப்பலகை, மணிகள் குறைந்தது 23: உலகக் கேரிலான் கூட்டமைப்பு வைத்திருக்கும் இலக்கணம் இது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராக்ஃபெல்லர் தேவாலயத்தில் 72 மணிகள் இருக்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துச் சேதர் கோபுரத்தில் 61. மணி அசையாது, அதன் நாக்கு மட்டுமே அசையும். வாசிப்பவர் கையை மடக்கி மரக்கட்டையை அழுத்துகிறார்; கட்டையோடு பிணைந்த கம்பி நாக்கை இழுக்கிறது. மெல்ல அழுத்தினால் மணி முணுமுணுக்கும், ஓங்கி அழுத்தினால் முழங்கும். கையின் நயம் கோபுர உச்சிவரை போகிறது! இதற்கு ‘மணியடுக்கு’ என்பது என் பரிந்துரை.

மின்னணுக் கருவியில் இந்த மணிகளே இல்லை. முந்தைய வகையில் சிறு சுத்திகள் மெல்லிய உலோகக் கம்பிகளைத் தட்டும். அந்த அதிர்வை மின்சைகையாக்கிப் பெருக்கி, கோபுரத்து ஒலிபெருக்கிகளுக்கு அனுப்புவார்கள். பிந்தைய வகையில் பதிவுசெய்த மணியோசையே ஒலிக்கிறது. மணியின் நாதத்தைப் போலச் செய்வது எளிதன்று. அடிப்படைச் சுரத்தோடு ‘சாதாரண காந்தாரம்’ (minor third) என்னும் சுரமும் உள்ளே சேர்ந்து ஒலிப்பதால்தான் மணியோசையில் அந்த இலேசான சோகம். அதையும் கொண்டுவந்தால்தான் காது நம்பும்.

ஆகவே ‘மின்னணு மணியடுக்கு’ என்றும் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இல்லாத மணியை இருப்பதாகச் சொல்லிவிடும். ‘மணியடுக்கு ஒலிப்பான்’ என்போம்: எதன் ஒலி என்பதும் தெரிகிறது, ஒலிப்பது கருவி என்பதும் தெரிகிறது. கால்மணிக்கு ஒருமுறை தானே ஒலிக்கும், லண்டன் பிக் பென் கடிகாரத்தால் பெயர்பெற்ற வெஸ்ட்மின்ஸ்டர் மெட்டுக்கு ‘கால்மணிப் பண்’ போதும்.

‘ஒலிப்பான்’ வாகன ஹாரனுக்கும் வழங்குகிறதே என்று யாராவது கேட்கலாம். முன்னால் ‘மணியடுக்கு’ நிற்கும்போது அந்த மயக்கம் வராது என நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.