செய்ய வைக்கப்பட்ட குற்றம் யாருடையது? ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2 (கதை முழுவதும் பேசப்படுகிறது)

மலைப்பாதை:

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2, தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 ஆகிய இரண்டு கேம்களையும் அண்மையில் அடுத்தடுத்து விளையாடி முடித்தேன். முன்னது 2018இலும் பின்னது 2020இலும் வெளிவந்தவை என்பதால் இங்கே பலர் இவற்றை எப்போதோ முடித்திருப்பீர்கள். முடிவு வரையிலான கதையைப் பேசப்போகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் இந்த இழையை இப்போதே மூடிவிடுவது நல்லது.

என் கேள்வி இதுதான். இரண்டிலும் நாம் இயக்கும் பாத்திரம் ஒரு கொடுஞ்செயலைச் செய்கிறது. இரண்டிலும் அதைத் தவிர்க்க நமக்கு வழி கிடையாது. ஆனால் ஒன்றில் அந்தச் செயல் என்னுடையது என்றே இன்றுவரை உறுத்துகிறது; மற்றொன்றில் கேமை உருவாக்கியவர்கள் மீதுதான் எரிச்சல் வந்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

முதலாவது, தாமஸ் டவுன்ஸின் பண்ணை. இரண்டாவது அத்தியாயத்தில், கொள்ளைக் கும்பலில் ஒருவனான ஸ்ட்ராஸ் வட்டிக்கு விட்ட பணத்தை வசூலிக்க, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2இல் நாம் இயக்கும் ஆர்தர் மார்கன் அங்கே போகிறான். ஏற்கெனவே நோயில் தளர்ந்திருக்கும் அந்த மனிதரை வேலியோரத்தில் வைத்து அடிக்கும் பொத்தானை நாம்தான் அழுத்துகிறோம். அவர் இருமும்போது இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. மனைவி எடித் ஓடி வந்து கதறுகிறாள். அந்த நேரத்தில் அது பத்தோடு பதினொன்றாக வந்துபோகும் ஒரு சிறிய மிஷன். எனக்கு அடுத்த வேட்டையும் புதிய குதிரையும்தான் நினைவில் இருந்தன. வெகு காலம் கழித்து, செயின்ட் டெனிஸ் நகரத்துத் தெருவில் ஆர்தர் சுருண்டு விழுந்து, மருத்துவர் காசநோய் என்று சொன்னபோது அந்த வேலியும் அந்த இருமலும் சட்டென்று நினைவுக்கு வந்தன. கதை நடப்பது 1899இல். காசநோயைக் குணப்படுத்திய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943இல். ஆக, கேமில் எஞ்சியிருக்கும் பகுதி முழுவதும் ஒரு சாகப்போகும் மனிதனின் உடலைத்தான் நாம் இயக்குகிறோம், அந்தச் சாவை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததும் நம் விரல்தான்.

இரண்டாவது, நோரா. தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2இல் நாம் இயக்கும் எல்லி, தனக்குத் தந்தையைப் போன்ற ஜோயலைக் கொன்ற ஏபி எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள, ஏபியின் தோழி நோராவை மருத்துவமனையின் அடித்தளம் வரை துரத்திச் செல்கிறாள். சிவப்பு வெளிச்சத்தில் எல்லியின் முகம் மட்டும் தெரிய, திரையில் சதுரப் பொத்தானின் குறி தோன்றுகிறது. அழுத்தாவிட்டால் கதை நகராது. அழுத்தினால் இரும்புக் குழாய் இறங்கும். நான் அழுத்தினேன், ஆனால் குற்ற உணர்வுக்குப் பதிலாக, "வேறு வழியையே வைக்காமல் என்னைக் குற்றவாளியாக்கப் பார்க்கிறீர்களே" என்ற எண்ணமே மேலிட்டது. சாண்டா பார்பரா கடற்கரையில், எலும்பும் தோலுமாக இருக்கும் ஏபியை வலிய சண்டைக்கு இழுக்கும் கடைசிக் காட்சியிலும் அப்படித்தான்.

இதைப் பற்றி உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அடுத்து விளையாடத்தக்க கதைசார் கேம்களையும் பரிந்துரைத்தால் மகிழ்வேன்.

ஆறாம் அத்தியாயம்:

அந்தச் செயலுக்குப் பிறகு உங்களுக்கு எவ்வளவு இடம் தரப்படுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது என்று நினைக்கிறேன். டவுன்ஸை அடிப்பது கட்டாயம். ஆனால் அதற்குப் பிறகு ஆர்தர் எப்படிப்பட்டவனாகச் சாகிறான் என்பதில் நமக்குப் பங்கு உண்டு. கணவனை இழந்து தெருவுக்கு வந்துவிட்ட எடித்துக்கும் அவளுடைய மகன் ஆர்ச்சிக்கும் கடைசி அத்தியாயத்தில் உதவலாம், உதவாமலும் போகலாம். கேம் நம்மை வற்புறுத்துவதில்லை. அதே பகுதியில், மிச்சமிருக்கும் கடன்காரர்களிடம் போய் வசூலிக்காமல் திரும்பி வரும் வாய்ப்பும், ஸ்ட்ராஸை முகாமைவிட்டே துரத்தும் காட்சியும் வருகின்றன. ரயில் நிலையத்தில் கன்னியாஸ்திரீ கால்டெரோனிடம், தனக்குப் பயமாக இருக்கிறது என்று ஆர்தர் சொல்லும் காட்சி பலருக்குக் கிடைத்திருக்கும். அந்த இடத்தில் அந்தச் சொற்களுக்கு எடை கூடுவதற்குக் காரணம், அதற்கு முன்னால் நாம் தேர்ந்தெடுத்துச் செய்த சின்னச் சின்னச் செயல்கள்.

எல்லிக்கு அப்படி ஓர் இடமே கிடையாது. அவள் நடுங்கிக்கொண்டே திரும்பி வருவதும் கட்டாயம், மறுநாள் மறுபடியும் கிளம்புவதும் கட்டாயம். செய்ய வைத்தவர்களே வருத்தத்தையும் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நம் பங்குக்கு எதுவும் மிச்சமில்லை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ஐ உருவாக்கிய ராக்ஸ்டாரின் அந்த நற்பெயர் அளவுகோல் அபத்தமானது. தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் முகமன் கூறிக்கொண்டே போனால், செய்த கொலைகளின் கணக்குக் குறைந்துகொண்டு வரும். ஆர்தரின் மனமாற்றத்தை நான் நம்பியது அந்த அளவுகோலால் அல்ல, ரோஜர் கிளார்க்கின் குரலால்.

கண்ணாடிக்கடல்:

இருவருடைய கருத்தையும் மறுக்கிறேன். தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 உங்களைக் குற்றவாளியாக்க முயலவில்லை; எல்லியிடமிருந்து உங்களைப் பிரிக்கத்தான் முயல்கிறது. தொடக்கத்தில் ஜோயல் கொல்லப்படும்போது அவளுடைய ஆத்திரமும் உங்களுடைய ஆத்திரமும் ஒன்றே. சியாட்டிலின் மூன்று நாட்களில் அவை மெல்ல விலகுகின்றன. நோராவின் காட்சியில் உங்களுக்கு அழுத்த மனம் வரவில்லை என்றால், நீங்கள் எல்லியிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள் என்று பொருள். கடற்கரையில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட வேண்டும் என்று தோன்றினால் அந்தப் பிரிவு முழுமையடைந்துவிட்டது. நீங்கள் எரிச்சல் என்று சொல்வதை அந்தக் கதை திட்டமிட்டே உண்டாக்குகிறது.

நடுவில், அதே மூன்று நாட்களை ஏபியின் பக்கத்திலிருந்து முதலிலிருந்து விளையாட வைக்கிறார்களே, அதை நீங்கள் ஒரு வரியில்கூடத் தொடாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. எல்லியாக இருந்தபோது நீங்கள் கொன்ற ஆலிஸ் என்ற நாயுடன், ஏபியாக இருக்கும்போது பந்து எறிந்து விளையாடுகிறீர்கள். முதல் கேமின் முடிவில் ஜோயல் கொன்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர்தான் ஏபியின் தந்தை என்று தெரிகிறது. தன் உயிரைக் காப்பாற்றிய லெவ், யாரா என்ற உடன்பிறப்புகளுக்குப் பட்ட கடனைத் தீர்க்க, உயரத்தைக் கண்டால் நடுங்கும் ஏபி வானளாவிய கட்டடங்களுக்கு இடையிலான பாலங்களைக் கடக்கிறாள். நாடக அரங்கில், ஏபியை இயக்கிக்கொண்டு எல்லியை வேட்டையாட வேண்டி வரும்போது எந்தப் பக்கம் வெல்ல வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. 2013இல் முதல் கேம் வந்ததிலிருந்து எல்லியின் பக்கமே நின்ற ஒருவரை இப்படித் தடுமாற வைப்பது எளிய காரியம் அல்ல.

ஆர்தரின் மனமாற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். அவன் மனம் திருந்திக்கொண்டிருக்கும் அதே ஆறாவது அத்தியாயத்தில்தான் ராணுவத்தின் சம்பளப் பணத்தைக் கொண்டுசெல்லும் ரயிலில் ஏறி நாம் கூட்டங்கூட்டமாகச் சுட்டுத் தள்ளுகிறோம். அதைப் பற்றி அவன் பெரிதாக வருந்துவதில்லை. டவுன்ஸுக்கு ஒரு நியாயம், பெயரில்லாத சிப்பாய்களுக்கு வேறொரு நியாயமா? தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2இல் எதிரிகள் விழுந்து கிடக்கும் தோழனைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பெரிது.

மலைப்பாதை:

கண்ணாடிக்கடல், ரயிலைப் பற்றி நீங்கள் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. போதாக்குறைக்கு அந்த மிஷன்களில் சொன்ன பாதையிலிருந்து சற்று விலகினாலே தோல்வி என்று திரையை மூடிவிடுகிறார்கள். பரந்த உலகில் எதையும் செய்யலாம், கதைக்குள் நுழைந்தால் மூச்சுவிடவும் அனுமதி வேண்டும் என்கிற முரண்பாடு கேம் முழுவதும் உண்டு.

ஏபியின் பகுதியை நான் தொடாததற்குக் காரணம், அதில் எனக்குக் குறையே இல்லை என்பதுதான். ஆனால் அது பார்வையை மாற்றும் பகுதி. ஒரு நல்ல திரைப்படமும் நாவலும் அதைச் செய்யக்கூடியவை. எதிரியின் வீட்டுக்குள் வாசகனை அழைத்துச் செல்வது கதைசொல்லலில் பழைய வழக்கம். எல்லியிலிருந்து என்னைப் பிரிப்பதுதான் நோக்கம் என்றால், அவள் அடிப்பதை நான் பார்த்தாலே போதுமே. அந்தச் சதுரப் பொத்தானுக்கு என் விரல் எதற்கு? டவுன்ஸ் விஷயத்தில் என் விரல் தேவைப்பட்டது. அலட்சியமாக, பின்னால் வரப்போவது தெரியாமல் அழுத்தியது நான், அந்த அலட்சியம் உண்மையிலேயே என்னுடையது. நோராவிடம் நான் ஒரு கணமும் அலட்சியமாக இல்லை.

ஊமத்தம்பூ:

விரல் எதற்கு என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விடை வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் எடித் ஃபின்ச். ஜயன்ட் ஸ்பாரோ உருவாக்கி 2017இல் வெளிவந்தது. ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படி இறந்தார்கள் என்பதை, அவரவர் அறைக்குள் சென்று, ஒவ்வொரு முறையும் வேறுவிதமான கட்டுப்பாட்டுடன் விளையாடுகிறோம். அதில் லூயிஸின் பகுதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவன் மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை செய்கிறான். கன்ட்ரோலரின் வலது குச்சியால் மீனை எடுத்து, கத்திக்கடியில் நகர்த்தி, தலையை வெட்டி, அப்பால் தள்ள வேண்டும். மறுபடியும் அடுத்த மீன். வேலை செய்துகொண்டே அவன் ஒரு கற்பனை நாட்டில் உலாவத் தொடங்குகிறான். அந்த நாட்டில் அவனை நடத்துவது இடது குச்சி. முதலில் கற்பனை திரையின் ஒரு மூலையில் சிறிதாகத் தெரிகிறது. பிறகு அது விரிந்து விரிந்து ஆலையையே மறைத்துவிடுகிறது. ஆனால் வலது கை மட்டும் மீனை வெட்டிக்கொண்டே இருக்கும். சிறிது நேரத்தில் அதை நீங்கள் கவனிப்பதே நின்றுவிடும். உடல் ஓரிடத்திலும் மனம் வேறிடத்திலும் பிரிந்துபோன ஒருவனின் நிலை உங்கள் இரண்டு கைகளுக்குள்ளேயே நடக்கிறது. திரைப்படம் இதைக் காட்டலாம், கைகளுக்குக் கொடுக்க முடியாது. லூயிஸின் முடிவு மனத்தைக் கலங்கடிக்கும் வகையைச் சேர்ந்தது. அவன் தன் வாழ்வைத் தானே முடித்துக்கொள்கிறான். மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் அதை விளையாட வேண்டாம்.

அடுத்து, மொபியஸ் டிஜிட்டலின் அவுட்டர் வைல்ட்ஸ் (2019). ஒரு சிறிய சூரியக் குடும்பம். 22 நிமிடங்களில் சூரியன் வெடித்துவிடும். நீங்கள் மறுபடியும் தொடக்கத்தில், நெருப்புக்கு அருகே கண் விழிப்பீர்கள். ஆயுதம் இல்லை, நிலை உயர்வு இல்லை, ஒரு வாழ்விலிருந்து அடுத்ததற்கு நீங்கள் கொண்டுவருவது தெரிந்துகொண்டதை மட்டுமே. அலெக்ஸ் பீச்சம் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய திட்டம் அது. இரட்டைக் கோள்கள் இரண்டில், ஒன்றின் மணல் மற்றொன்றுக்கு இடைவிடாமல் ஒழுகிக்கொண்டிருக்கும். ஒன்றில் குகைகள் மூடிக்கொண்டே போக, மற்றொன்றில் புதைந்த கட்டடங்கள் வெளிவரும். எங்கே போவது என்பதோடு எப்போது போவது என்பதும் புதிர். மலைப்பாதை பேசிய அறியாமைக்கும் அறிதலுக்கும் இடைப்பட்ட தூரம்தான் இந்த கேமின் மொத்தப் பொருள். இதன் கதையை நான் இதற்கு மேல் சொல்ல மறுக்கிறேன், யார் கேட்டாலும். இணையத்தில் தேடவும் வேண்டாம். தெரிந்துகொண்டு விளையாடினால் விளையாட எதுவும் மிஞ்சாது.

நெய்தல்நிலம்:

மேலே சொன்ன கைகளின் கணக்கில் வெண்பாவும் சேரும். டொரான்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, மறுஆண்டு அறிமுகப் படைப்புக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது. கனடாவில் குடியேறிய வெண்பா, எழுத்துகள் அழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று யோசிப்பதில் தொடங்குகிறது. பிற்பகுதியில் அதே சமையலை அவள் மகன் கவினின் கையால் செய்ய வேண்டியிருக்கும். நமக்குக் கை பழகிவிட்டது, அவனுக்குப் பழகவில்லை. சமையல் புதிர்கள் மிக எளிமையானவை என்பது என் குறை. ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுவதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம்.

கண்ணாடிக்கடல்:

லூயிஸின் பகுதி சிறந்தது என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் அதுவும் கட்டாயம்தானே? மீனை வெட்டாவிட்டால் அங்கேயும் கதை நகராது. மலைப்பாதைக்கு அங்கே எரிச்சல் வராதென்றால், அவருடைய சிக்கல் கட்டாயத்தோடு அல்ல, பழியோடு. எல்லியின் மீது அவர் வைத்திருந்த அன்பை அந்த கேம் கெடுத்துவிட்டதே என்பதுதான் உண்மையான மனக்குறை என்று எனக்குப் படுகிறது. விளையாடி முடித்ததும் வந்து சொல்லட்டும்.

மலைப்பாதை:

சொல்கிறேன். முதலில் எடித் ஃபின்ச், பிறகு அவுட்டர் வைல்ட்ஸ் என்று வைத்துக்கொள்கிறேன். என்னிடம் இருப்பது பழைய மடிக்கணினி. விசைப்பலகையும் மவுஸும் போதுமா, அல்லது கன்ட்ரோலர் அவசியமா?

ஊமத்தம்பூ:

எடித் ஃபின்ச் கேமை மவுஸிலும் விளையாடலாம். ஆனால் இரண்டு குச்சிகளும் இரண்டு கட்டைவிரல்களில் இருந்தால்தான் லூயிஸின் பகுதி முழுதாகப் பிடிபடும் என்பதால், நண்பரிடம் இரவல் வாங்கியாவது கன்ட்ரோலரில் விளையாடுங்கள். அவுட்டர் வைல்ட்ஸில் விண்கலத்தைத் தரையிறக்குவதற்கும் கன்ட்ரோலரே வசதி. எடித் ஃபின்ச் பழைய மடிக்கணினியில் ஓரளவு ஓடிவிடும். அவுட்டர் வைல்ட்ஸை வாங்கும் முன் அதற்குத் தேவையான கிராபிக்ஸ் அட்டை உங்களிடம் இருக்கிறதா என்று ஸ்டீம் என்ற இணையக் கடையின் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.